“அங்கிள்னா எந்த அங்கிள், அண்ணி?” - ஓமலூர் வீட்டில் ஓடிய சீனப் படம்!

வெளிநாட்டுப் படம் பார்க்கும் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். நடிகரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண், திரையின் அடியில் ஓடும் எழுத்திலேயே கிடக்கும். கொரியன் சீரியல் புண்ணியத்தில் இப்போது நம் வீட்டு அக்காக்களும் சித்திகளும்கூட சப்டைட்டில் படிப்பதில் கில்லாடி ஆகிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சீனப் படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நாம் படிப்பது இங்கிலீஷை. ஒரு சீனக் குடும்பத்தின் பேச்சு முதலில் இங்கிலீஷுக்குப் போகிறது. அங்கிருந்துதான் நம் மண்டைக்குள் தமிழாக வந்து சேர்கிறது. நடுவில் நிற்கும் அந்த இங்கிலீஷ், சில சரக்குகளை வழியிலேயே இறக்கி வைத்துவிடுகிறது.

முதல் உதாரணம், ‘அங்கிள்’.

அப்பாவின் அண்ணன், அப்பாவின் தம்பி, அம்மாவின் சகோதரன்... இங்கிலீஷுக்கு மூன்று பேருமே அங்கிள்தான். நமக்குப் பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, தாய்மாமன் வேறு. பங்காளி யார், சீர் கொண்டுவர வேண்டியவர் யார் என்பதெல்லாம் கூப்பிடுகிற சொல்லிலேயே இருக்கிறது.

சீனத்திலும் அப்படித்தான். பெரியப்பா ‘போஃபூ’. சித்தப்பா ‘ஷூஷூ’. தாய்மாமன் ‘ஜியோ ஜியோ’. ஆமாம், நம் சிம் கார்டு பெயரேதான், இரண்டு முறை! அப்பாவின் சகோதரி ‘கூ கூ’. அம்மாவின் சகோதரிக்குத் தனிச்சொல். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்கு பேருக்கும் நான்கு சொற்கள். அண்ணன் மனைவிக்கு ஒன்று, கணவனின் தங்கைக்கு ஒன்று.

இதில் இன்னொரு ஆச்சர்யம் உண்டு. 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ‘எர்யா’ என்ற சீன அகராதியில், ஒரு பெண் தன் மாமனாரை ‘ஜியோ’ என்றும் மாமியாரை ‘கூ’ என்றும் அழைப்பாள் என்று இருக்கிறது. அதாவது மாமனார் ‘மாமா’, மாமியார் ‘அத்தை’. நம் வீட்டுக் கணக்கு அச்சு அசலாக அங்கே இருந்திருக்கிறது. இன்றைய சீனத்தில் அந்த வழக்கு இல்லை. நம்மிடம் இன்னும் இருக்கிறது.

சப்டைட்டிலில் இவ்வளவும் எங்கே போனது? அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டு சொல்லில் முடிந்துபோனது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது ஒரு சீனப் படமும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் அண்ணியும்.

சுவான்ஜோவில் பிறந்த ஓமலூர் மருமகள்

என் பெரியம்மா வீடு ஓமலூரில். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு பெண்ணைக் காதலித்து, 2019-ல் கல்யாணம் செய்துகொண்டு, அந்த வருடக் கடைசியில் ஓமலூருக்கு அழைத்து வந்தார். பெயர் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரையில் அவர்கள் அண்ணன், அண்ணி மட்டும்தான்.

அண்ணியின் சொந்த ஊர் சுவான்ஜோ. கடலோரத் துறைமுக நகரம். அங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவன் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். 1281-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. ‘‘அப்பவே எங்க ஊருக்கு உங்க ஆளுங்க வந்தாச்சு. நான் 700 வருஷம் கழிச்சு பதில் மரியாதைக்கு வந்திருக்கேன்’’ என்று அண்ணி சொல்வார்.

அண்ணிக்குத் தெரிந்த தமிழ், சமையலறையில் தொடங்கி வாசல் வரை வரும். கறிவேப்பிலை, கரண்டி, ‘கரன்ட் போயிருச்சு’, ‘காய்காரர் வந்துட்டாரு’ எல்லாம் சரளம். அதைத் தாண்டிப் போனால் இங்கிலீஷ்தான். அண்ணனும் அண்ணியும் பேசுவதும் இங்கிலீஷில். இரண்டு பேருக்குமே தாய்மொழி இல்லாத ஒரு மொழியில் குடும்பம் நடக்கிறது. சண்டை முற்றும்போது மட்டும் அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள். ‘‘புரியாததால சண்டை சீக்கிரம் முடிஞ்சிரும்’’ என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் எப்போதும் அண்ணன் இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போய்விட்டால் சைகைதான். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மனம் நோகப் பேசிக்கொண்டதில்லை. மனம்விட்டுப் பேசிக்கொண்டதும் இல்லை.

போன பொங்கல் லீவில் நான் ஓமலூர் போயிருந்தேன். ராத்திரி எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தபோது, ‘‘இன்னைக்கு ஒரு நாள் என் பாஷையில படம் பார்க்கலாமா?’’ என்று அண்ணி கேட்டார். லேப்டாப்பில் இருந்து டிவிக்கு வயர் போட்டு அவர் வைத்த படம், ‘யீ யீ’.

ஒரு கோடு, கீழே இன்னொரு கோடு

‘யீ யீ’ 2000-ல் வந்த தைவான் படம். எழுதி இயக்கியவர் எட்வர்ட் யாங். ஷாங்காயில் பிறந்து, தைபேயில் வளர்ந்து, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். இந்தப் படத்துக்காக அந்த வருட கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். 2007-ல் இறந்துபோனார். இதுதான் அவருடைய கடைசிப் படம்.

நீளம் 173 நிமிடம். ‘‘ஏழு நிமிஷம் குறைய மூணு மணி நேரமா?’’ என்று அண்ணன் அலறினார். பெரியம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ‘‘நாங்க பாக்காத மூணு மணி நேரப் படமா? ரெண்டு எடவேள விட்டாலும் உக்காந்து பாப்போம், போடு கண்ணு’’ என்றார்.

படத்தின் பெயரைக் கேட்டேன். சீனத்தில் ‘ஒன்று’ என்று எழுத ஒரு கிடைக்கோடு போட்டால் போதும். அதன் உச்சரிப்பு ‘யீ’. அதையே இரண்டு முறை சொன்னால், ஒவ்வொன்றாக என்று அர்த்தம். ஒரு கோட்டின் கீழே இன்னொரு கோடு போட்டால் அதுவே ‘இரண்டு’ என்ற எழுத்தாகவும் தெரியும். இங்கிலீஷில் இதற்கு ‘எ ஒன் அண்ட் எ டூ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேண்டு வாத்தியக்காரர் தாளம் எண்ணுவதுபோல அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஒவ்வொன்று’ என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, ஒன்று. ‘யீ யீ’ என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது!

இதைச் சொன்னதும் அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘‘இத்தனை வருஷமா இதை யாருக்கும் விளக்கவே முடியலைன்னு நினைச்சிட்டிருந்தேன்’’ என்றார்.

ஆடியில கல்யாணமா?

கதை ரொம்ப எளிது. தைபேயில் ஒரு நடுத்தரக் குடும்பம். அப்பா என்.ஜே., கம்ப்யூட்டர் கம்பெனியில் பங்குதாரர். அம்மா மின்-மின், வேலைக்குப் போகிறவர். பெரிய பெண் டிங்-டிங். எட்டு வயதுப் பையன் யாங்-யாங். கூடவே இருப்பது அம்மாவின் அம்மா. படம் ஒரு கல்யாணத்தில் தொடங்கி ஒரு சாவில் முடிகிறது.

கல்யாணம், அம்மாவின் தம்பிக்கு. அவர் பெயர் ஆ-டி. பெரியம்மாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘‘ஆடியா? ஆடியில யாராச்சும் கல்யாணம் வெப்பாங்களா?’’

சிரித்து முடித்த பிறகு அண்ணி சொன்ன விஷயம்தான் வேடிக்கை. அந்த ஆ-டி நல்ல நாள் பார்ப்பதில் பைத்தியம். வருடத்திலேயே ராசியான நாளில்தான் தாலி... மன்னிக்கவும், அங்கே தாலி இல்லை, கல்யாணம் என்று காத்திருந்ததில், மணப்பெண்ணுக்கு வயிறு தெரியும் நிலைக்கு வந்துவிடுகிறது. அத்தனை பார்த்த நல்ல நாளில் மண்டபத்துக்குப் பழைய காதலி வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறாள். அன்றைக்கே பாட்டியும் மயங்கி விழுகிறார். ‘‘முகூர்த்தம் பாத்தும் என்ன பண்ண?’’ என்று பெரியம்மா உச்சுக்கொட்டினார். சப்டைட்டில் ஒரு வரிகூடப் படிக்காமல் பெரியம்மா கதைக்குள் போய்விட்டார்.

இங்கேதான் ‘அங்கிள்’ வந்தது. ஆ-டி, பையன் யாங்-யாங்குக்கு என்ன முறை? இங்கிலீஷ் எழுத்து, அங்கிள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ‘‘அங்கிள்னா எந்த அங்கிள், அண்ணி?’’ என்று நான் கேட்க, ‘‘ஜியோ ஜியோ. அம்மாவோட தம்பி’’ என்றார். பெரியம்மா உடனே, ‘‘தாய்மாமனா! அப்ப இவன் பொறுப்பா இருக்கோணுமே... இப்புடி இருக்கானே’’ என்றார். கடன், ஜோசியம், பழைய காதல் என்று தடுமாறும் அந்தப் பாத்திரத்தின் மொத்தச் சங்கடமும் பெரியம்மாவுக்கு அந்த ஒரு சொல்லில் புரிந்துவிட்டது.

எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரியம்மா மகன் எனக்கு அண்ணன். அண்ணி வீட்டுக் கணக்கில் அவர் ‘பியாவ்கே’. அதாவது, தாய்வழி அண்ணன்முறை. அங்கே தாய்மாமன் மகனும் அதே ‘பியாவ்கே’தான். ‘‘ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? எங்க ஊர்ல பெரியம்மா பையன் அண்ணன், மாமா பையன் கட்டிக்கிற முறை’’ என்றேன். ‘‘இதைக் கேட்டப்புறம்தான் எனக்குக் கல்யாண வீட்டுல யாரு யாரைக் கிண்டல் பண்றாங்கன்னே புரியுது’’ என்றார் அண்ணி.

யாரும் பார்க்காத முதுகு

‘ஆர்ட் ஃபிலிம்’ என்றதும் நமக்கு ஒரு பயம் உண்டு. யாரும் பேச மாட்டார்கள், கேமரா நகராது, இருட்டாக இருக்கும் என்று. ‘யீ யீ’யில் கேமரா நிஜமாகவே அதிகம் நகர்வதில்லை. தள்ளி நின்று பார்க்கிறது. அழுகிறவர் முகத்துக்குப் பக்கத்தில் போகாமல், அறைக்கு வெளியே நிற்கிறது. கண்ணாடிச் சன்னலில் ஊரின் விளக்கும் வீட்டுக்குள் இருப்பவரின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. பக்கத்து வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரிந்து, உள்ளே போகாமல் வாசலில் நிற்போமே, அந்த மாதிரி.

பையன் யாங்-யாங்குக்கு அப்பா ஒரு கேமரா வாங்கித் தருகிறார். அவன் எடுக்கும் போட்டோக்கள் எல்லாம் மனிதர்களின் பின்னந்தலை. எதற்கு என்று கேட்டால், உங்களால் பார்க்க முடியாததை நான் எடுத்துக் காட்டுகிறேன் என்கிறான். உலக சினிமா ரசிகர்கள் 25 வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

எனக்கு அதைவிட ஒட்டியது என்.ஜே. என்ற அப்பாவின் கதை. வியாபார விஷயமாக ஓட்டா என்ற ஜப்பான்காரரைச் சந்திக்கிறார். ஒருவருக்குச் சீனம், இன்னொருவருக்கு ஜப்பான் மொழி. இரண்டு பேரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில். தேடித்தேடி, நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்ன வார்த்தைகளில். அலங்காரமாகப் பேச வழியே இல்லாததால், நேராக மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். சொந்த மொழிக்காரர்களிடம் பேச முடியாத என்.ஜே., இந்த வேற்று நாட்டுக்காரரிடம்தான் மனம் திறக்கிறார்.

அந்தக் காட்சி ஓடியபோது அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் தினமும் நடப்பது அதுதானே!

நடுவில் நிறுத்திவிட்டு ஜவ்வரிசிப் பாயசம் குடித்தோம். தைவானில் பிறந்து உலகம் முழுக்கப் போன ‘பபிள் டீ’ தெரியுமா? அதில் மிதக்கும் கறுப்பு முத்துக்கள் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தவை. நம் சேலத்து ஜவ்வரிசியும் அதே கிழங்குதான். ‘‘எங்க ஆளுங்க டீயில போட்டாங்க, நீங்க பால்ல போட்டீங்க’’ என்றார் அண்ணி.

போ போ

பையன் தன் பாட்டியைக் கூப்பிடுவது ‘போ போ’ என்று.

‘‘பாட்டியப் போயி ஏன்டா போ போன்னு தொரத்துற?’’ என்று பெரியம்மா திரையைப் பார்த்துக் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். படத்தில் அந்தச் சொல் அம்மாவின் அம்மாவைக் குறிக்கிறது. நம் பக்கம் சொல்கிற ‘அம்மாயி’. ஆனால் சீனாவில் பல இடங்களில் ‘போ போ’ என்றால் கணவனின் அம்மா. ‘‘அப்படிப் பார்த்தா அத்தை, நீங்கதான் எனக்கு போ போ’’ என்று அண்ணி சொல்ல, அண்ணன் மொழிபெயர்த்தார். ‘‘நான் எங்கியும் போவல’’ என்றார் பெரியம்மா.

படத்தில் அந்தப் பாட்டி கோமாவில் கிடக்கிறார். தினமும் அவரிடம் பேசுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் ஒவ்வொருவராக முறை போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். மகள் மின்-மின் ஒரு நாள் உடைந்து அழுகிறார். அம்மாவிடம் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை, காலையில் இதைச் செய்தேன், மதியம் அதைச் செய்தேன் என்று தினமும் அதையே சொல்கிறேன், ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிறது என்று. பையன் யாங்-யாங் பேசவே மறுக்கிறான்.

கடைசியில் பாட்டி இறந்துபோகிறார். இழவு வீட்டில், ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பையன் முதன்முறையாகப் பாட்டியிடம் பேசுகிறான். பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான். எதைச் சொன்னாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்கிறான். (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது.)

‘போ போ’ என்று அவன் தொடங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. அண்ணி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

2020 மார்ச்சில் லாக்டௌன். விமானங்கள் நின்றன. சீனா தன் எல்லையை மூடியது. அதே வருடம் ஜூன் 29-ம் தேதி இந்தியா தடை செய்த 59 செயலிகளில் ‘வீசாட்’டும் ஒன்று. சீனாவில் எல்லோரும் பேசிக்கொள்வது அதில்தான். நம் வாட்ஸ்அப் அங்கே வேலை செய்யாது. அண்ணிக்குத் தன் வீட்டோடு பேச மிஞ்சியது சாதாரண ஐ.எஸ்.டி கால். முகம் பார்க்க முடியாது, குரல் மட்டும்.

2021-ல் அண்ணியை வளர்த்த பாட்டிக்கு நினைவு தப்பியது. ஊரில் அவருடைய அம்மா, போனைப் பாட்டியின் காதோரம் பிடித்துக்கொண்டு, ‘ஏதாவது பேசு’ என்றார். ஓமலூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு அண்ணி பேசினார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ‘சாப்டீங்களா’ என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் ‘சாப்டீங்களா’ என்றே கேட்டார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி போய்விட்டார். சீனா எல்லையைத் திறந்தது 2023 ஜனவரியில். அதன் பிறகுதான் அண்ணி ஊருக்குப் போய் சமாதியைப் பார்த்தார்.

பாட்டி இறந்தது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பெரியம்மா தலை முழுகிவிட்டு விளக்கு ஏற்றினார். ஆனால் அந்த போன் காலைப் பற்றி யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கே அன்றுதான் தெரியும். ‘‘என்கிட்ட ஏன் சொல்லல?’’ என்று கேட்டார். ‘‘இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? ‘சாப்டீங்களான்னு கேட்டேன்’னு சொன்னா அது ஒண்ணுமில்லாத மாதிரி இருந்துச்சு’’ என்றார் அண்ணி.

இங்கிலீஷில் அது ஒன்றுமில்லாததுதான். சீனத்தில் ‘சாப்பிட்டாச்சா’ என்பது வணக்கம், நலமா, உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லாமும். அண்ணன் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடித்ததும், பெரியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் நேராக அவரிடமே சொன்னார். ‘‘சாப்டியான்னு கேட்டதே போதும் கண்ணு. வேற என்னத்தக் கேக்கோணும்?’’

அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ‘சாப்டியா’வும் ‘போதும்’மும் அண்ணி ஓமலூரில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகள்.

நீலகிரியில் ஒரு வீடு, சேலத்தில் ஒரு வீடு

தமிழும் சீனமும் ஒரே வீட்டில் இருப்பது இப்போது தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். 19-ம் நூற்றாண்டில், மலாய்ப் பகுதி ஆங்கிலேயக் காலனிகளில் இருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்குச் சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். நீலகிரியில் மலேரியா மருந்துக்கான சின்கோனா தோட்டங்கள் உருவான காலம் அது. விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடியேறி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காபியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் அவர்களைக் குறிப்பிடுகிறார். குழந்தைகளின் நிறம், கண், மூக்கு என்று எழுதிக்கொண்டே போகிறவர், ஓர் அப்பாவின் மனக்குறையையும் பதிவு செய்திருக்கிறார். கிறிஸ்தவராக மாறியபோது தன் நீளப் பின்னலை வெட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே என்பதுதான் அது.

அதன் பிறகு 100 வருடம் தாண்டி, சிங்கப்பூரில் சினிமாவே இந்த இரண்டு மொழிகளையும் சேர்த்து வைத்தது. சீன வம்சாவளி இயக்குநர் எரிக் கூ, 2008-ல் ‘மை மேஜிக்’ என்ற படத்தைத் தமிழில் எடுத்தார். குடிக்கு அடிமையான ஒரு மேஜிக்காரர், அவருடைய மகன். கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர் படம் அந்தத் தமிழ்ப் படம்தான். 2016-ல் சிங்கப்பூர்த் தமிழரான கே.ராஜகோபால், ‘எ யெல்லோ பேர்ட்’ எடுத்தார். சிறையில் இருந்து வெளியே வந்து பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடும் ஒரு தமிழர், பிழைக்க வந்து சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு சீனப் பெண்ணோடு சேர்ந்து நடக்கும் கதை. கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இது பெரியவர்களுக்கான படம், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கிய டி.ஆர்.சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸுக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போனவர், கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அவருடைய தயாரிப்பு. தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன், ‘மந்திரி குமாரி’யை (1950) இயக்கியது அவருக்காகத்தான். மொழி தெரியாதவரோடு சேர்ந்து சினிமா பண்ணுவது எங்கள் மாவட்டத்துப் பழக்கம்!

உங்கள் வீட்டிலும் பார்க்கலாம்

சீன மருமகள் எல்லோர் வீட்டிலும் இல்லை. ஆனால் மலையாள மருமகன், பீகார் மருமகள், பெங்காலி அண்ணி இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். வந்தவர்தான் எப்போதும் நம் மொழிக்கு இறங்கி வருகிறார். நம் சீரியலைப் பார்க்கிறார், நம் ஜோக்குக்குச் சிரிக்கிறார். ஒரு ராத்திரி நாம் அவர் மொழிக்குப் போய்ப் பார்க்கலாம். அனுபவத்தில் கிடைத்த சில யோசனைகள்:

* படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கே. நமக்குப் பிடிக்குமா என்று யோசித்து அவர் ஒரு மசாலாப் படத்தை எடுத்தால், ‘உனக்குப் பிடிச்சதைப் போடு’ என்று சொல்லுங்கள்.

* ரிமோட் அவர் கையில் இருக்கட்டும். எங்கே நிறுத்துகிறார் என்பதுதான் முக்கியம்.

* ‘கதை என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?’ என்று கேளுங்கள். பதில் சின்னதாக வரும், அதிலிருந்து பேச்சு வளரும்.

* எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லி உயிரை எடுக்காதீர்கள். அவரும் படம் பார்க்க வேண்டும். உணர்ச்சியான காட்சியில் சும்மா விடுங்கள்.

* ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாதியில் நிறுத்தி மறுநாள் பார்த்தாலும் இந்தப் படங்கள் கோபித்துக்கொள்ளாது.

* வீட்டுப் பெரியவர்களைத் தூங்க அனுப்பாதீர்கள். சப்டைட்டில் படிக்காதவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். நாம் தவறவிடுவதை அவர்கள் பிடித்துவிடுவார்கள்.

சீனப் படத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு ‘யீ யீ’யோடு இன்னும் இரண்டு சொல்கிறேன். ஒன்று, ஆண்டனி சென் இயக்கிய சிங்கப்பூர் படம் ‘இலோ இலோ’ (2013). 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை பார்த்து ஓய்ந்துபோகும் பெற்றோர், பிலிப்பைன்ஸில் இருந்து வந்த பணிப்பெண், அவரோடு ஒட்டிக்கொள்ளும் பையன். கான் விழாவில் முதல் படத்துக்கான ‘கேமரா டோர்’ விருது வாங்கியது. இதன் சீனப் பெயருக்கு ‘அப்பா அம்மா வீட்டில் இல்லை’ என்று அர்த்தம். இன்னொன்று, லூலூ வாங் இயக்கிய ‘தி ஃபேர்வெல்’ (2019). பாட்டிக்குப் புற்றுநோய். அதை அவரிடம் சொல்லாமல் மறைக்க, ஒரு கல்யாணத்தை ஏற்பாடு செய்து மொத்தக் குடும்பமும் கூடுகிறது. நம் ஊரில் நடக்காத கதையா இது?

இப்போது ஓமலூர் வீட்டில் அடுத்த ஏற்பாடு நடக்கிறது. இந்த முறை படம் தமிழ். பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி, 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’. கொளுத்தும் வெயிலில் ஓர் அப்பாவும் மகனும் நடக்கிறார்கள். பேச்சு குறைவு. சப்டைட்டில் இல்லாமலே பார்க்கப் போவதாக அண்ணி பிடிவாதமாக இருக்கிறார். சந்தேகம் வந்தால் அண்ணனைக் கேட்க மாட்டாராம், அத்தையைத்தான் கேட்பாராம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு ராத்திரி வாய்த்தால், எந்தப் படம் பார்த்தீர்கள், எந்த வார்த்தையில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.